1938-இல் நடக்கும் மர்ம நாவல்: செல்லியல் படித்த நாயகிக்கு எந்தத் தடயம் பொருந்தும்?

நாற்றங்கால் (மயிலாடுதுறை) கேட்டது:

1938 வைகாசியில், மாயவரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் நடக்கும் மர்ம நாவல் ஒன்றை எழுதி வருகிறேன். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் குரோமோசோம்களை ஆராயும் பெண் ஒருத்தி விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும்போது, மிராசுதாரான அவளுடைய பெரியப்பா வாந்திபேதி கண்டு இறக்கிறார். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிக்கும் காலம் என்பதால் ஊரே காலரா என்று நம்புகிறது. தாமதமின்றித் தகனமும் முடிந்துவிடுகிறது. தாவரச் செல்லியல் அறிஞர் ஜானகி அம்மாள் 1934 முதல் 1939 வரை அந்த நிலையத்தில் பணியாற்றியவர் என்பதால், அப்படியொரு பெண் அங்கே இருந்திருக்க முடியுமா என்ற ஐயம் எனக்கு இல்லை. மருத்துவரும் போலீஸாரும் காணாத ஒன்றை அவள் தன் படிப்பைக் கொண்டே காண வேண்டும் என்பதுதான் சிக்கல். அரளி விதை வேண்டாம். அது பலரும் எழுதித் தீர்த்தது.

தாவரவியல் ஆசிரியர் (கும்பகோணம்):

விடை தங்கள் ஊர் வேலியிலேயே படர்ந்திருக்கிறது. செங்காந்தள் கிழங்கில் உள்ள கொல்கிசின் என்னும் நஞ்சு, உண்ட சில மணி நேரம் கழித்தே வாந்தியையும் பேதியையும் உண்டாக்கும் என்பதால், காலரா நடமாடும் பருவத்தில் எவரும் ஐயுற மாட்டார்கள். அவித்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. அதே கொல்கிசின் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்யும் என்பது 1937-இல் வெளியாகி, பயிர் ஆராய்ச்சியாளர்களிடையே பரவலாகப் பேசப்பட்ட செய்தி. ஆகவே 1938-இல் அந்த ஊரில் அதை அறிந்திருக்கக்கூடியவள் தங்கள் நாயகி ஒருத்திதான்.

கிழங்கு பெரியப்பாவின் கஷாயத்தில் கலக்கப்பட்டதாக வையுங்கள். அவர் குடித்து மிஞ்சிய கஷாயத்தை அவள் இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைத் தொடாமல் வைத்துவிட்டு, மற்றதை ஒரு தம்ளரிலும் வெறும் தண்ணீரை இன்னொரு தம்ளரிலும் ஊற்றி, வேர் விட்ட வெங்காயங்களை அவற்றின் வாயில் உட்கார வைக்கட்டும். இரண்டு மூன்று நாளில் தண்ணீரில் உள்ள வேர்கள் நீண்டிருக்கும். கஷாயத்தில் உள்ளவை நீளாமல் நுனி மட்டும் குண்டாகப் பருத்திருக்கும். இது வெறுங்கண்ணுக்கே தெரியும். மற்றப் பொருள்களாலும் வேர் பருக்கலாம் என்பதால், 1922 முதல் இயங்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ரயிலேறிச் சென்று, வேர் நுனியைச் சாயமிட்டு, குரோமோசோம்கள் இரட்டித்திருப்பதை நுண்ணோக்கியில் பார்க்க வைத்தால் சோதனை முழுமையாகும். அவளை அங்கே எளிதில் உள்ளே விட்டுவிடாதீர்கள். அந்த வாசற்படியிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது.

திருவையாற்று வாசகி:

சோதனை அருமை, ஆனால் காலத்தை நீங்கள் இருவருமே போதிய அளவு பயன்படுத்தவில்லை. செங்காந்தள் ஐப்பசி, கார்த்திகையில் பூத்து, பிறகு கொடி காய்ந்து, கோடையில் மண்ணுக்குள் கிழங்காக மட்டும் கிடக்கும். வைகாசியில் அதைத் தோண்டியவர், போன மழைக்காலத்திலேயே கொடி இருந்த இடத்தைக் குறித்து வைத்தவராக இருக்க வேண்டும். வரப்பிலும் வேலியிலும் வேலை செய்யும் பண்ணையாள் மீது ஊர் முதலில் பழி போடும். அதை நாவல் நேராக எதிர்கொள்ள வேண்டும், ஓரமாக ஒதுங்கிப் போகக் கூடாது.

இன்னொன்று. கொல்கிசின் உண்டு பிழைத்தவருக்கு இரண்டாவது வார வாக்கில் தலைமுடி கொட்டும். காலராவில் அப்படி நேர்வதில்லை. கஷாயத்தைக் காய்ச்சிய கைம்பெண் அத்தை, ருசி பார்க்க ஒரு வாய் குடித்துப் பிழைத்திருந்தால்? அக்கால அக்கிரகார வழக்கப்படி மழித்த தலை. முடி கொட்டியது வீட்டாருக்குத் தெரியவே தெரியாது. அடுத்த முறை சிரைக்க வரும் நாவிதர்தான், கத்திக்கு முடியே அகப்படவில்லையே என்று வியப்பார். எந்த சப்-இன்ஸ்பெக்டரும் அந்தச் சமையற்கட்டுக்குள் நுழைந்து அத்தையிடம் கேள்வி கேட்டிருக்க முடியாது. நாயகி பெண்ணாக இருப்பதன் முழுப் பயன் அங்கேதான்.

நாற்றங்கால்:

மிக்க நன்றி, அம்மா, ஐயா. நாவிதர் இதுவரை என் கதையிலேயே இல்லை. இப்போது அவரை விட மனமில்லை. உடல் எரிக்கப்பட்டுவிட்டதால், சென்னை ரசாயனப் பரிசோதகருக்கு அனுப்பக் குடலுறுப்புகள் எதுவும் இல்லை. வெங்காய வேரை மட்டும் நம்பி போலீஸார் வழக்குப் பதிவார்களா?

தாவரவியல் ஆசிரியர்:

பதிய மாட்டார்கள் என்றே வையுங்கள். மேலும், ஊரில் கொல்கிசின் என்ற பெயரையே அறிந்தவள் அவள் ஒருத்தி என்பதால், அந்த வேரைக் காட்டிய கணத்தில் சந்தேகம் அவள் மீதே திரும்பும். அவளது பெட்டியில் ஆராய்ச்சிக்கான கொல்கிசின் புட்டி ஒன்றையும் வைத்துவிடுங்கள்.