இலையில் வைத்ததை ஒதுக்கினால் அது மரியாதைக் குறைவா? (வயசு 35, வெண்டைக்காய் தொண்டையில் இறங்காது)

பருப்புசோறு:
பொங்கலுக்கு மறுநாள் திருநெல்வேலியில என் மனைவியோட பெரியம்மா வீட்டுல விருந்து. சொதி, அவியல், இஞ்சித் துவையல், வெண்டைக்காய்ப் பச்சடி, கத்திரிக்காய்ப் பொரியல்னு இலை நிறைய வச்சாங்க. நான் பருப்பும் நெய்யும் போட்டு ஒரு தடவை, தயிர் ஊத்தி ஒரு தடவை சோறு சாப்பிட்டேன். அப்பளமும் உருளைக்கிழங்கு வறுவலும் தொட்டுக்கிட்டேன். மத்ததெல்லாம் வச்ச இடத்துலயே இருந்துச்சு. கையால மறிச்சுத்தான் பார்த்தேன். "கொஞ்சூண்டு மாப்ளே"ன்னு வச்சுட்டாங்க. உள்ள இருக்கிறது தெரியக்கூடாதுன்னு இலையை அழுத்தி மூடினேன். பெரியம்மா பார்த்துட்டாங்க. "எங்க கைப்பக்குவம் மாப்ளைக்குப் பிடிக்கலை போல"ன்னு மெதுவா சொன்னாங்க. கோயம்புத்தூர் வர்ற வரைக்கும் பஸ்ஸுல என் மனைவி அழுதுக்கிட்டே வந்தா.

நான் சாப்பிடறது இவ்வளவுதான்: இட்லி, தோசை, பூரி, பருப்பு சாதம், தயிர் சாதம், காய் போடாத சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு, முட்டைப் பொடிமாஸ், வாழைப்பழம். வெண்டைக்காயோட ருசி எனக்குப் பிரச்சினை இல்லை. அந்த வழவழப்பு நாக்குல பட்டதும் தொண்டை தானா மூடிக்கும். ஆறாங்கிளாஸ் படிக்கும்போது ஹாஸ்டல்ல தட்டு காலியாகுற வரைக்கும் எந்திரிக்க விடமாட்டாங்க. ஒருநாள் கண்ணை மூடிக்கிட்டு வெண்டைக்காய்க் குழம்பை விழுங்கினேன், அப்படியே தட்டுலயே வாந்தி. அன்னையிலிருந்து வாசனை வந்தாலே வயிறு புரளுது.

அன்னைக்கு நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு விழுங்கியிருக்கணுமா? உண்மையான கருத்தைச் சொல்லுங்க.

ஆடிப்பட்டம்:
தம்பி, விழுங்கியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நான் 1954-ல் பிறந்தவன். அரிசித் தட்டுப்பாடு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதிக்கு 1967 தேர்தலில் எவ்வளவு வலு இருந்தது என்று அன்று சோறில்லாமல் கிடந்த வீடுகளுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் காலையில் சோளக்கூழ், இரவில் மரவள்ளிக்கிழங்கு. ஏழு பிள்ளைகள். 'எனக்கு இது இறங்காது' என்று ஒருவன் சொல்லி நான் கேட்டதில்லை.

பின்னாளில் நானே வெண்டை போட்டிருக்கிறேன். விதைத்து நாற்பத்தைந்து நாளில் முதல் பறிப்பு. அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும், தவறினால் காய் முற்றிவிடும், சந்தையில் யாரும் தொடமாட்டார்கள். செடியின் சுணை பட்டுப் பறிக்கிற பெண்களுக்குக் கையெல்லாம் அரிக்கும். அந்தக் காய் இலைக்கு வந்து, அப்படியே குப்பைக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

கடைசிபெஞ்ச்:
ஐயா, உங்க வருத்தம் புரியுது. ஆனா நாக்கை யாரும் நினைச்சபடி திருப்ப முடியாது. எனக்கு நடந்ததைச் சொல்றேன்.

2021 மே மாசம் எனக்குக் கொரோனா. வாசனை சுத்தமா போச்சு. ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்ப வந்துச்சு, ஆனா கோணலா வந்துச்சு. வெங்காயம் வதக்கினா அழுகின வாடை. காப்பி டயர் எரியிற மாதிரி. பிரியாணிக்காக ஆம்பூர் வரைக்கும் போனவன் நான், அந்த வருஷம் முழுக்கத் தயிர் சோறும் சர்க்கரை தொட்ட இட்லியும்தான். மூக்குக்குள்ள வாசனை பிடிக்கிற இடம் அடிபட்டு, திரும்ப வளரும்போது இப்படி மாறிப் போகலாம்னு டாக்டர் சொன்னார். எங்க அம்மா ஆசையா ஆட்டுக்கறிக் குழம்பு வச்சுக் கொண்டு வந்தாங்க. மூடியைத் திறந்ததும் வெளியில ஓடிட்டேன். எனக்கு அம்மா மேல மரியாதை இல்லைன்னு அர்த்தமா? பசி இல்லைன்னு அர்த்தமா? பசி இருந்துச்சு ஐயா, ஆறு கிலோ குறைஞ்சேன்.

ஆடிப்பட்டம்:
உங்களுடையது நோய். நோயாளிக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பது நம் வழக்கம்தான். நான் பேசுவது உடம்பு நன்றாக இருந்தும் ஒதுக்குகிறவர்களைப் பற்றி.

நுனிநாக்கு:
நான் மருத்துவமனையில் உணவு ஆலோசகர். ஐயா போட்ட அந்தக் கோடு அவ்வளவு நேராக இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ஒரே காய் எல்லார் நாக்கிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 1931-ல் அமெரிக்காவில் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு தூளைக் கையாளும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கு ஒரு சுவையும் தெரியவில்லை. அந்த வேறுபாடு பரம்பரையாக வருகிறது, அதற்கான மரபணுவையும் 2003-ல் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் கசப்பை உணர்கிறவர்களில் சிலருக்கு முட்டைக்கோஸ் குடும்பத்துக் காய்களும் தூக்கலாகக் கசக்கும். கொத்துமல்லித் தழை சிலருக்குச் சோப்பு மாதிரி மணப்பதற்கும் மரபணு ஒரு காரணம்.

பருப்புசோறு சொன்ன ஹாஸ்டல் சம்பவம் இன்னொரு வகை. ஒரு உணவைச் சாப்பிட்டு ஒரே ஒரு தடவை குமட்டல் வந்தால் போதும், உடம்பு அதை விஷம் என்று குறித்து வைத்துக்கொள்ளும். 1950-களில் கார்சியா என்பவர் எலிகளை வைத்து இதைக் காட்டினார். இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கதிர்வீச்சால் குமட்டல் வரவைத்தார். பிறகு அந்த எலிகள் இனிப்புத் தண்ணீரைத் தொடவில்லை. அந்த ஹாஸ்டலில் வெண்டைக்காய் சாப்பிடப் பழக்கப்படுத்தவில்லை, சாப்பிடாமல் இருக்கத்தான் பழக்கப்படுத்தியிருக்கிறார்கள்.

இப்படிப் பல உணவுகளை ஒதுக்குவதன் கடுமையான நிலைக்கு ஆர்ஃபிட் (ARFID) என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் மனநலக் கோளாறுகளைப் பட்டியலிடும் தன் கையேட்டில் இதைச் சேர்த்தது. எடை குறைவது, சத்துக்குறைவு, வெளியில் சாப்பிடவே போகமுடியாமல் வாழ்க்கை சுருங்குவது போன்றவை இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடல் பெருத்துவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பருப்புசோறுக்கு இது இருக்கிறதா என்று இங்கே உட்கார்ந்து சொல்லமாட்டேன். ஆனால் அது திமிர் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுப்படி:
திமிர்னு நானும் சொல்லலை. ஆனா மேல இருக்கிறதை எல்லாம் ரெண்டு தடவை படிச்சுட்டேன், ஒருத்தர் கூட ஒரு விஷயத்தைக் கேட்கலை. பருப்புசோறு அண்ணா, அந்தக் காய் போடாத சாம்பாரை உங்க வீட்டுல யார் வைக்கிறாங்க?

எனக்குக் கல்யாணமாகி 14 வருஷம். என் வீட்டுக்காரருக்குக் கத்திரிக்காய், முருங்கை, கீரை, பாகற்காய், பூசணி எதுவும் ஆகாது. மாமனாருக்குச் சர்க்கரை, அவருக்குக் காய்தான் அதிகம் வேணும். அதனால காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சு ஒரே சாம்பாரை ரெண்டு சட்டியில வைக்கிறேன். அவருக்கு மட்டும் தினமும் தனியா ஒரு வறுவல். எட்டு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பணும். ஒதுக்குறது அவரு, ரெண்டாவது சட்டியைக் கழுவுறது நான்.

அது கூடப் பரவாயில்லை. இப்போ என் பையனுக்கு ஒன்பது வயசு. கத்திரிக்காயைத் தட்டு ஓரத்துக்குத் தள்ளிட்டு "அப்பாவும்தான் சாப்பிடலை"ன்னு சொல்றான். அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?

இன்னொண்ணும் சொல்லிடறேன். எனக்கு முள்ளங்கி பிடிக்காது. சின்ன வயசுலேருந்தே அந்த வாடை ஆகாது. இந்த 14 வருஷத்துல அது எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதில்லை. மாமனாருக்குப் பிடிக்கும்னு வாரம் ரெண்டு நாள் வைக்கிறேன், நானும் சாப்பிடறேன். என் நாக்குக்கும் மரபணு இருக்கும்ல மேடம்?

நுனிநாக்கு:
இருக்கும். நீங்கள் சொன்னதில் நான் மறுக்க ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும். வற்புறுத்தினால் உங்கள் வீட்டுக்காரரோ பையனோ மாறமாட்டார்கள். பிள்ளைகளுக்குப் புதிய காயை எட்டு பத்துத் தடவையாவது சும்மா தட்டில் வைத்துப் பழக்க வேண்டும், திட்டாமல், கெஞ்சாமல். பெரியவர்களுக்கு அதைவிட நாள் ஆகலாம்.

அடுப்படி:
நான் வற்புறுத்தச் சொல்லவே இல்லையே. இந்தப் பேச்சு எப்பவும் ரெண்டே வழியில போய் முடியுது: ஒண்ணு அடிச்சு ஊட்டணும், இல்லேன்னா பாவம்னு விட்டுடணும். எட்டு பத்துத் தடவை தட்டுல வைக்கணும்னு சொல்றீங்க, அந்த எட்டு பத்துத் தடவையும் சமைக்கிறது யாரு? என் வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்கக் கத்திரிக்காய் சாப்பிட வேண்டாம். அவரோட வறுவலை அவர் வறுத்துக்கட்டும், அவர் சட்டியை அவர் கழுவட்டும். அதுக்கு எந்த மரபணுவும் தடை இல்லை.

ஆடிப்பட்டம்:
அம்மா அடுப்படி, நீங்கள் கேட்ட கேள்வியை நான் என் தாயிடம் கேட்டதில்லை. 'ஒருவனும் இறங்காது என்று சொன்னதில்லை' என்று பெருமையாக எழுதினேன். எங்கள் எல்லாருக்கும் போட்டபின் அவர் என்ன சாப்பிட்டார் என்பது எனக்கு நினைவில் இல்லை. இதற்குமேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை. இலையில் வைத்ததை வீணாக்கக்கூடாது என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

பந்திவிசாரிப்பு:
நான் விருந்து வைக்கிற பக்கத்து ஆள், அறுபது வயசு. அந்தப் பெரியம்மா இடத்துல இருந்து சொல்றேன் தம்பி. சொதி வைக்கிறதுக்குத் தேங்காய் துருவி மூணு பால் எடுக்கணும். மாப்பிள்ளை வர்றாருன்னா முந்தின நாளே காய் நறுக்கிடுவோம். அவ்வளவையும் செஞ்சவ கண்ணு இலை மேலதான் இருக்கும். நீங்க விழுங்கியிருக்க வேண்டாம். ஆனா ஒரு வாரம் முன்னாடி உங்க மனைவி ஒரு போன் போட்டு "அவருக்கு வழவழப்பா இருந்தா வாந்தி வந்துடும் பெரியம்மா"ன்னு சொல்லியிருந்தா எங்களுக்கு வேலைதான் மிச்சம். கையால மறிச்சா நாங்க நிறுத்தமாட்டோம், அதைக் கூச்சம்னுதான் எடுத்துக்குவோம். அது எங்க பக்கத்துத் தப்பு, ஒத்துக்கிறேன்.

அடுப்படி:
அந்தப் போனையும் மனைவிதான் போடணுமா அம்மா? அவரே போடட்டும்.

பருப்புசோறு:
ரெண்டு நாளா எழுதலை, மன்னிச்சுக்கோங்க. அடுப்படி அக்கா கேட்டதுக்குப் பதில் இல்லாம எழுத வேண்டாம்னு இருந்தேன்.

காய் போடாத சாம்பாரை என் மனைவிதான் வைக்கிறா. கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா வச்சாங்க. எங்க வீட்டுல ரெண்டு சட்டி கிடையாது, நான் சாப்பிடறதையே அவளும் சாப்பிடறா. இதுவரைக்கும் அது எனக்குச் சௌகரியமாத்தான் பட்டுச்சு. உனக்கு என்ன பிடிக்கும்னு நேத்து கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. அப்புறம் "வெண்டைக்காய்ப் பச்சடி"ன்னா. ஊருக்குப் போனா அதை மூணு தடவை வாங்கிச் சாப்பிடுவா, நான் பார்த்திருக்கேன். பிறந்த வீட்டுச் சாப்பாடு, அதான் அப்படின்னு நினைச்சுக்கிட்டேன். எனக்கு வாசனை ஆகாதுங்கறதால நாலு வருஷமா எங்க வீட்டுல வெண்டைக்காயே வாங்கினதில்லை.

பெரியம்மாவுக்கு நானே போன் பண்ணினேன். ஹாஸ்டல் கதையைச் சொன்னேன். "அப்பவே சொல்லியிருக்கலாம்லா"ன்னாங்க. முழுசா சமாதானம் ஆன மாதிரி தெரியலை. அது அவங்க உரிமை.

வெண்டைக்காயை நான் சாப்பிடப் போறதில்லை. இதை இங்க வெளிப்படையா சொல்லிடறேன். ஆனா அவளுக்கு அந்தப் பச்சடியை நான் செஞ்சு கொடுக்கணும். வழவழப்பு இல்லாம எப்படிச் செய்யறது?

அடுப்படி:
காயை முழுசாக் கழுவி, துணியால நல்லாத் துடைச்சு, அரை மணி நேரம் ஆறவிடுங்க. ஈரம் துளிகூட இருக்கக்கூடாது, ஈரம் பட்டாதான் பிசின் விடும். அப்புறம்தான் வெட்டணும். கத்தியும் பலகையும் காய்ஞ்சிருக்கணும். அகலமான சட்டியில எண்ணெய் காய்ஞ்சதும் போட்டு, மூடாம வதக்குங்க. மூடினா ஆவி தண்ணியாகி உள்ளேயே விழும். உப்பு கடைசியில. சுருண்டு ஓரம் சிவந்ததும் இறக்கி ஆறவச்சுடுங்க. தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் அரைச்சுத் தயிர்ல கலந்து, கடுகு தாளிச்சு, சாப்பிட உட்காரும்போது வெண்டைக்காயைச் சேருங்க. ஜன்னலைத் திறந்து வச்சுக்கோங்க, வாசனை தேங்காது.

பருப்புசோறு:
வெட்டும்போது கையில ஒட்டுமே அக்கா, அதை நினைச்சாலே ஒரு மாதிரி இருக்கு. கையுறை போட்டு வெட்டலாமா?

அடுப்படி:
போட்டுக்கோங்க. கால் கிலோ போதும், பிஞ்சா பார்த்து வாங்குங்க. நுனியை ஒடிச்சா பட்டுன்னு ஒடியணும்.