செய்தித் தொலைக்காட்சிக்குப் போக எந்தப் பட்டப்படிப்பு?

பள்ளி இறுதி ஆண்டு மாணவி:
செய்தி வாசிப்பதில் எனக்கு ஆசையில்லை. மைக்கோடு களத்துக்குப் போக வேண்டும். இதழியல், காட்சித் தொடர்பியல், பொருளியல் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அப்பா பொருளியல்தான் என்கிறார். கேமரா முன்னால் நிற்க அது எதற்கு?

செய்தி மேசைக்காரர்:
நான் உங்கள் அப்பா கட்சி. இத்தனைக்கும் இதழியல் படித்துவிட்டு வந்தவன், 19 ஆண்டுகளாகச் செய்தி மேசையில், அதாவது செய்திகளைச் சரிபார்த்து ஒளிபரப்புக்கு அனுப்பும் பிரிவில், இருக்கிறேன். ஒருநாள் வட்டி விகிதம் 4 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. எங்கள் செய்தியாளர் நேரலையில் "வட்டி ஒரு சதவீதம் உயர்வு" என்றார். உயர்ந்தது ஒரு சதவீதப் புள்ளி. விகிதமோ 25 சதவீதம் கூடிவிட்டது. அவர் காதுக் கருவியில் திருத்தம் சொன்னேன். "அதாவது..." என்று இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். எட்டு வினாடி. கடிகாரத்தை வைத்துக்கொண்டு எட்டு வினாடி சும்மா இருந்து பாருங்கள், புரியும். கேமரா முன் நிற்பதை வேலையில் சேர்ந்த பிறகும் பழகிக்கொள்ளலாம். நேரலையில் நின்றபடி பொருளியல் கற்க முடியாது.

தொலைக்காட்சிச் செய்தியில் உலகப் புகழ் பெற்றவர்களையே பாருங்கள். ஆண்டர்சன் கூப்பர் படித்தது அரசியல் அறிவியல். கிறிஸ்டியான் அமன்பூர் இதழியல். பீட்டர் ஜென்னிங்ஸ் பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை (இதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம்).

ஒளிப்பதிவாளர்:
மேசையில் இருப்பவர் அப்படித்தான் சொல்வார். காட்சித் தொடர்பியல் எனக்குக் கைப்பழக்கம் தந்தது. இப்போது பல இடங்களில் செய்தியாளரே கைப்பேசியில் எடுத்து, வெட்டி, அனுப்ப வேண்டியிருக்கிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் நான்கு பைட் (ஒருவர் கேமராவில் பேசும் சிறு துண்டு) கொண்டுவந்தார். சம்பவ இடத்தின் காட்சி ஒன்றுகூட இல்லை. பின்னணிக் குரலின் மேல் எதைப் போடுவது?

பள்ளி இறுதி ஆண்டு மாணவி:
நன்றி சார். பொருளியல் எடுத்தால் எழுத்தை எங்கே பழகுவது?

செய்தி மேசைக்காரர்:
கல்லூரியில் வானொலியோ மாணவர் செய்திக் குழுவோ இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள். ஒளிப்பதிவாளர் சொன்ன கைப்பழக்கமும் அங்கேயே வந்துவிடும். அதில் அவரோடு எனக்குச் சண்டையில்லை.

எழுத்துக்கு இன்றே தொடங்கலாம். நாளிதழில் ஒரு செய்தியை எடுத்து 30 வினாடிக்கு எழுதி, உரக்கப் படியுங்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. 25 சொல் வாக்கியம் எழுதினால், அமைச்சர் பதவியில் நீடிக்கிறாரா விலகினாரா என்று தெரிய நேயர் அதுவரை காத்திருக்க வேண்டும். அவர் காத்திருக்க மாட்டார், ரிமோட் கையில் இருக்கிறது. 4,87,312 என்றால் "ஏறத்தாழ ஐந்து லட்சம்" என்று எழுதுங்கள்.

பள்ளி இறுதி ஆண்டு மாணவி:
எழுதிப் படித்துப் பார்த்தேன். 52 வினாடி வருகிறது.

செய்தி மேசைக்காரர்:
"மேலும்", "இந்நிலையில்" எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி படியுங்கள்.