சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: ஸ்னோமொபைல் செலவு பற்றி ஒரு வழக்கு

கண்டனூர் கணக்கர்

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் ஸ்னோமொபைல் வாங்கப்போகிறானாம். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: முன்பக்கம் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்பக்கம் ரப்பர்ப் பட்டை, நடுவில் மோட்டார் சைக்கிள் போல ஓர் இருக்கை. பனிமேல் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. புதியது 15,000 டாலர், நம் கணக்கில் ஏறத்தாழ 13 லட்சம் ரூபாய். பனி விழுந்தால் ஆண்டில் மூன்று மாதம் ஓட்டலாம். மற்ற ஒன்பது மாதமும் துணி போர்த்திக்கொண்டு கொட்டகையில் கிடக்கும்.

வண்டி விலையோடு நின்றிருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். அதை ஏற்றிப் போக டிரெய்லர், டிரெய்லரை இழுக்க பிக்கப் டிரக், குளிருடை, தலைக்கவசம், பூட்ஸ் என்று ஆயிரம் டாலருக்கு மேல், பிறகு காப்பீடு, பதிவு, பனிப்பாதையில் ஓட்டுவதற்கான பாதைச் சீட்டு. அவன் இருக்கும் நகரத்தைச் சுற்றிப் பனியை நம்ப முடியாதாம். அதனால் மிஷிகன் மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் கீவினா தீபகற்பத்துக்குப் போவானாம். ஒரு வழி மட்டும் சுமார் 600 கிலோமீட்டர். காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் போய்ப் பாதி வழி திரும்பி வருகிற தூரம். டிரெய்லர் இழுக்கும் டிரக் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது. போய்வர 240 லிட்டர். விடுதி வாடகை தனி.

இதே பிள்ளையிடம், பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் பூர்வீக வளவு வீட்டில் இரண்டாம் கட்டு ஓடு மாற்றப் பங்குப் பணம் கேட்டேன். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தானே?

பள்ளத்தூரான், டுலூத்

ஐயா, நானும் மினசோட்டாவில்தான் இருக்கிறேன். வண்டியும் வைத்திருக்கிறேன். உங்கள் பேரேட்டில் பற்று மட்டும் இருக்கிறது, வரவுப் பக்கம் வெறும் தாளாக இருக்கிறது.

புது வண்டிதான் வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? ஐந்தாறு ஆண்டு ஓடிய நல்ல வண்டி பாதி விலைக்குக் கிடைக்கும். மூன்று குளிர்காலம் ஓட்டிவிட்டு விற்றால் போட்டதில் பெரும்பகுதி திரும்பிவிடும். எரிபொருளும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாள் முழுக்க 150 கிலோமீட்டர் சுற்ற 25 லிட்டர் போதும். இங்கே அது 20 டாலரைச் சுற்றித்தான் வரும். நாலு பேர் சேர்ந்து ஒரே டிரக்கில் போனால் வழிச் செலவும் அறை வாடகையும் நாலாகப் பிரியும்.

மினசோட்டாவிலேயே 35,000 கிலோமீட்டருக்கு மேல் பாதை இருக்கிறது. எல்லா வாரமும் கீவினாவுக்கு ஓட வேண்டியதில்லை.

இன்னொன்று. டிசம்பரில் இங்கே மாலை நாலரைக்குள் சூரியன் மறைந்துவிடும். ஐந்து மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்து பாருங்கள். அந்தச் செலவை எந்த ஐந்தொகையில் எழுதுவீர்கள்? வளவு வீட்டு ஓட்டுக்கும் இவன் பொழுதுபோக்குக்கும் முடிச்சுப் போடாதீர்கள். வண்டி வாங்காவிட்டால் மட்டும் அந்தப் பணம் கண்டனூருக்கு வந்துவிடும் என்று நிஜமாகவே நம்புகிறீர்களா?

கண்டனூர் கணக்கர்

கடைசி வரி சுடுகிறது. ஆனாலும் பதில் வேண்டும். "எல்லா வாரமும் கீவினா வேண்டாம்" என்கிறீர்கள். 2023-24 குளிர்காலம் மினசோட்டாவில் பதிவான குளிர்காலங்களிலேயே மிக வெப்பமானது. பல பாதைகள் சரியாகத் திறக்கவே இல்லை. அந்த ஆண்டு தவணை கட்டியவன் என்ன செய்தான்? வாசலில் நின்று புல்தரையைப் பார்த்தான். 1968 முதல் இந்த வண்டியைச் செய்துவந்த யமஹாவே 2025 மாடலோடு நிறுத்திக்கொள்வதாக 2023இல் அறிவித்துவிட்டது. தயாரிக்கிறவன் கடையைக் கட்டுகிற தொழிலில் போய்ப் பணத்தைப் போடச் சொல்கிறீர்கள்.

பள்ளத்தூரான், டுலூத்

யமஹா போனால் போலாரிஸ் இருக்கிறது. மினசோட்டாவின் ரோசோ என்ற சிற்றூரில் 1954இல் தொடங்கிய நிறுவனம். கியூபெக்கில் பொம்பார்டியே 1959இல் கொண்டுவந்த ஸ்கி-டூ இன்றும் விற்கிறது. பொழுதுபோக்கை முதலீடு என்று எடைபோட்டால் எதுவும் தேறாது.

புதுவயல் மில்காரர்

யந்திரம் என்று வந்துவிட்டதால் நானும் நுழைகிறேன். என் மைத்துனர் விஸ்கான்சினில் இந்த வண்டிகளைப் பழுது பார்க்கும் கடையில் இருந்தவர். அவரிடம் கேட்டு எழுதுகிறேன்.

இருவரும் விலையையும் பெட்ரோலையும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இந்த வண்டிக்குப் பனிதான் சாலை, பனிதான் மசகு, பனிதான் ரேடியேட்டர். ரப்பர்ப் பட்டை சுழலும் தண்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் பட்டி இருக்கிறது. அது தேயாமல் காப்பது பனியின் ஈரம். என்ஜினைச் சுற்றி வரும் நீர், இருக்கைக்கு அடியில் உள்ள அலுமினியத் தகட்டின் வழியாகப் போகிறது. பட்டை வாரி இறைக்கும் பனி அந்தத் தகட்டில் பட்டால்தான் நீர் குளிரும். பனி குறைந்து பாதை கண்ணாடியாக இறுகிவிட்டால் வாரி இறைக்க ஒன்றும் இருக்காது. அதற்கென்று இரண்டு ஸ்பிரிங் கம்பிகளை விற்கிறார்கள். அவற்றைக் கீழே இறக்கிவிட்டால் பாதையைச் சுரண்டிக்கொண்டே வரும். சுரண்டுவதில் கிளம்பும் தூள்தான் பட்டியையும் தகட்டையும் காப்பாற்றும். 100 டாலர் அளவிலான பொருள். அதை இறக்க மறந்தவன் முதலில் பிளாஸ்டிக் கருகும் நாற்றத்தை முகர்வான், பிறகு வெப்ப எச்சரிக்கை விளக்கைப் பார்ப்பான்.

பனி குறைந்த ஆண்டில் ஓட்டாமல் இருப்பது நஷ்டம் என்றால், ஓட்டுவது அதைவிடப் பெரிய நஷ்டம். சறுக்குக் கட்டையின் அடிக்கம்பி தேயும், பட்டி தேயும். நம் ஊர் ஸ்கூட்டரில் இருப்பது போன்ற டிரைவ் பெல்ட் ஒன்றும் இருக்கிறது. 150 டாலருக்குக் குறைந்து நல்லது கிடைக்காது, உதிரியாக ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளாமல் காட்டுக்குள் போகவும் கூடாது.

கோடையில் சும்மா கிடக்கும் வண்டியில் எலி குடும்பம் நடத்தும். காற்று வடிகட்டியில் கூடு கட்டும், ஒயரைக் கடிக்கும். மில் வைத்திருப்பவனுக்கு எலியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

தேவகோட்டை ஆச்சி

என் மகன் கனடாவில் சட்பரியில் இருக்கிறான். அவன் வண்டி வாங்கவில்லை, வாடகைக்கு எடுக்கிறான். ஒரு நாளைக்கு 300 டாலர் வரை ஆகிறது, தலைக்கவசம், உடுப்பு எல்லாம் சேர்த்து. குளிர்காலத்தில் நாலைந்து நாள் ஓட்டுகிறவனுக்கு அது போதும். எலியும் இல்லை, காப்பீடும் இல்லை, டிரெய்லரும் இல்லை. கண்டனூர்த் தம்பி, பிள்ளையைத் திட்டுவதை விட்டு இந்த வழியைச் சொல்லிப் பாருங்கள்.

பள்ளத்தூரான், டுலூத்

ஆச்சி சொல்வது நாலைந்து நாளுக்குச் சரி. வாரந்தோறும் போகிறவனுக்கு வாடகை கட்டாது. வாடகை வண்டியில் மறைந்திருக்கும் செலவையும் சொல்லிவிடுகிறேன். பனிக்கு அடியில் ஒரு மரக்கட்டை கிடந்து சறுக்குக் கட்டையின் தாங்கி வளைந்தால், கையெழுத்துப் போட்ட தாளில் உள்ள முன்பணம் முழுவதும் போய்விடும். பனி நன்றாக இருக்கும் சனிக்கிழமையில் வண்டி கிடைப்பதும் அரிது. பனி நல்லதா என்று பார்த்துவிட்டுக் கிளம்ப முடிவது சொந்த வண்டிக்காரனால்தான்.

தேவகோட்டை ஆச்சி

பனி பார்த்துக் கிளம்ப அவன் என்ன பண்ணையாரா? அலுவலகத்தில் விடுப்பு யார் கொடுப்பது?

அரியக்குடிக்காரி

ஒன்டாரியோவில் சில குளிர்காலங்கள் கழித்துவிட்டுத் திரும்பியவள் நான். இத்தனை பேர் பேசியும் பாதையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வண்டி உங்களுடையது, பாதை யாருடையது?

அந்தப் பாதைகளில் பெரும்பகுதி தனியார் நிலத்தில் போகிறது. விவசாயி அனுமதி கொடுத்தால் பாதை, மறுத்தால் இல்லை. குறிப்பலகையைத் தாண்டி ஒருவன் வயலுக்குள் வண்டியை விட்டால் அடுத்த ஆண்டு அந்த நிலம் மூடப்படும், மொத்தப் பாதையும் சுற்றிப் போக வேண்டும். பாதையைச் சமன் செய்வது உள்ளூர் ஸ்னோமொபைல் சங்கத்துத் தொண்டர்கள். இரவில்தான் வேலை, ஏனென்றால் சமன் செய்த பனி உறைந்து இறுக ஆள் நடமாட்டம் இல்லாத சில மணி நேரம் வேண்டும். அதற்கான யந்திரம் புதியதாக வாங்கினால் இரண்டு லட்சம் டாலரைத் தாண்டும். மினசோட்டாவில் மாநிலத்தின் பெட்ரோல் வரியில் 1 சதவீதத்தை இதற்கென்று ஒதுக்குகிறார்கள், பதிவுக் கட்டணமும் சேர்ந்து சங்கங்களுக்கு மானியமாகப் போகிறது. மிஷிகனில் பாதைச் சீட்டு ஆண்டுக்கு 50 டாலரை ஒட்டி இருந்தது. ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் அதைப்போல் பல மடங்கு.

எனக்குக் கோபம் இங்கேதான். இரண்டு நாள் ஓட்டுகிறவனும் அறுபது நாள் ஓட்டுகிறவனும் ஒரே பருவச் சீட்டுக்கு ஒரே தொகை கட்டுகிறார்கள். பனியே விழாவிட்டாலும் பணம் திரும்பாது. தூரத்திலிருந்து வருகிற சாதாரண வேலைக்காரன், பக்கத்து வீட்டுப் பணக்காரனின் தினசரி உல்லாசத்துக்குப் படியளக்கிறான்.

பள்ளத்தூரான், டுலூத்

நம் பக்கத்தில் கோயிலுக்குப் புள்ளி வரி கட்டுவது எப்படி? திருமணமான ஒவ்வொருவனும் ஒரு புள்ளி. மலேசியாவில் இருந்தாலும் வரி, மாத்தூரில் இருந்தாலும் வரி. தினமும் கோயிலுக்குப் போகிறவனுக்கு அதிகம், போகாதவனுக்குக் குறைவு என்று யாராவது பிரித்தார்களா? பொதுவில் ஒன்று நிற்க வேண்டுமென்றால் தலைக்கு இவ்வளவு என்றுதான் போட முடியும். பனி விழாத ஆண்டிலும் பாலம் பழுது பார்க்க வேண்டும், புதர் வெட்ட வேண்டும், யந்திரக் கடனைக் கட்ட வேண்டும்.

அரியக்குடிக்காரி

நான் நகரத்தார் வீட்டுப் பெண் இல்லை. ஆனாலும் அந்த ஊரில் வளர்ந்ததால் சொல்கிறேன், உங்கள் உவமை ஒட்டவில்லை. புள்ளி வரி கட்டுகிறவனுக்குக் கோயிலில் உரிமை இருக்கிறது, கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கலாம். தொலைவிலிருந்து வருகிறவன் சீட்டு வாங்கிவிட்டால் மட்டும் சங்கத்தில் கணக்குக் கேட்க முடியுமா? அவனுக்கு ஒரு ஒட்டுத்தாள் கிடைக்கும், அதை வண்டியின் மூக்கில் ஒட்டிக்கொள்ளலாம்.

பள்ளத்தூரான், டுலூத்

சங்கத்தில் சேர்ந்தால் கேட்கலாம். சந்தா சில பத்து டாலர்தான். இரவில் குளிரில் நாலு மணி நேரம் யந்திரம் ஓட்டவும் வரலாம், யாரும் தடுக்கவில்லை.

காரைக்குடி பல்லவன்

இவ்வளவு பேச்சு எதற்கு? பல்லவன் எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை, அங்கிருந்து டெல்லி, ஜம்மு வழியாகக் கட்ரா. 2025 ஜூனிலிருந்து கட்ரா-ஸ்ரீநகர் வந்தே பாரத் ஓடுகிறது. குல்மார்க்கில் பனிவண்டி வாடகைக்கு இருக்கிறது, பேரம் பேசி ஏறிக்கொள்ளலாம். மொத்தப் பயணமும் அந்தத் தம்பியின் டிரெய்லர் விலைக்குள் முடிந்துவிடும்.

புதுவயல் மில்காரர்

குல்மார்க்கில் 2024 ஜனவரியில் சரிவுகள் மண்ணாகக் கிடந்த படங்களைப் பார்க்கவில்லையா? 2025இல் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே பனி போதாமல் தள்ளிவைத்தார்கள். டெல்லி வரை போன பிறகு இந்தச் செய்தி வந்தால் தாஜ்மகாலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அரியக்குடிக்காரி

அங்கே ஒரு மேட்டைச் சுற்றிவிட்டு இறக்கிவிடுவார்கள். காட்டு வழியே ஊர்விட்டு ஊர் போய், நடுவில் பெட்ரோல் போட்டு, சூப் குடித்து, இருட்டியபின் திரும்புவது வேறு அனுபவம். சீட்டைப் பற்றி நான் சண்டை போடுவேனே தவிர, அந்தச் சுகத்தை மறுக்க மாட்டேன்.

கண்டனூர் கணக்கர்

எல்லோருக்கும் நன்றி. ஆச்சியின் வாடகை யோசனையைப் பிள்ளையிடம் சொன்னேன், முகம் கொடுக்கவில்லை. பள்ளத்தூர்த் தம்பியின் பழைய வண்டி யோசனைக்குத் தலையாட்டினான். அதனால் 7,000 டாலர் என்று திருத்தி எழுதிக்கொண்டேன். மில்காரர் சொன்ன கம்பி, பெல்ட், எலி மூன்றையும் சேர்த்துக்கொண்டேன். கீவினா ஏன் என்றும் விசாரித்தேன். சுப்பீரியர் ஏரியின் மேலாக வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு போய் அங்கே கொட்டுகிறதாம். 1978-79இல் 390 அங்குலம் கொட்டியிருக்கிறது. மற்ற இடங்களில் புல் தெரியும்போதும் அங்கே பனி நிற்பதற்கு வாய்ப்பு அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு பதிவு இன்னும் உட்காரவில்லை. நாலு பேர் ஒரே டிரக்கில் போகலாம் என்று தம்பி எழுதினார். நாலு பேருக்கு நாலு வண்டி, நாலு வண்டிக்கு எவ்வளவு பெரிய டிரெய்லர்? அந்த டிரக் யாருடையது? அதன் விலை யார் தலையில்?

பள்ளத்தூரான், டுலூத்

இந்தப் பக்கம் நண்பர்கள் கூட்டத்தில் ஒருவனிடமாவது டிரக் இருக்கும் ஐயா, நாலு வண்டி ஏற்றும் மூடிய டிரெய்லரும் இருக்கும். அவனுக்கு எரிபொருளைப் போட்டுவிட்டால் போதும். தனியாகப் போவதென்றால் ஒரு வண்டி ஏற்றும் சிறிய டிரெய்லர் போதும். வண்டி 250 கிலோ, டிரெய்லர் 200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், நடுத்தர எஸ்யூவியே இழுத்துவிடும். அவனிடம் இப்போது என்ன வாகனம் இருக்கிறது என்று கேட்டுச் சொல்லுங்கள், டிரக் செலவை அடியோடு அடித்துவிடலாம்.

கண்டனூர் கணக்கர்

கேட்டேன். ஹோண்டா சிவிக்.