வாஹாவின் க்ரூனர் வெல்ட்லீனர்: ஒரே திராட்சை, இரண்டு சுவை ஏன்?

கேள்வி

வணக்கம். ஆஸ்திரியாவின் வாஹாவ் பகுதியில் விளைந்த க்ரூனர் வெல்ட்லீனர் என்னும் வெள்ளைத் திராட்சையின் ஒயின் இரண்டு புட்டிகள் வாங்கினேன். தயாரிப்பாளரும் அறுவடை ஆண்டும் ஒன்றே. ஃபெடர்ஷ்பீல் என்று அச்சிட்டிருந்த புட்டி எலுமிச்சைப் புளிப்பும் மிளகு வாசமுமாக இலேசாக இருந்தது. ஸ்மாரக்ட் என்றிருந்ததோ பழுத்த பேரிக்காய் மணத்துடன் நாவில் வெகுநேரம் தங்கியது. விலையும் ஏறக்குறைய இரு மடங்கு. இது தர வரிசையா, மண்ணால் வந்த வேறுபாடா?

மறுமொழி 1

தர வரிசை என்று கொள்ள வேண்டாம். முதன்மையாக இது பழத்தின் முதிர்ச்சியைக் குறிப்பது. 1983இல் தொடங்கப்பட்ட வினேயா வாஹாவ் என்னும் உற்பத்தியாளர் சங்கம் தன் உறுப்பினர்களின் ஒயின்களை மூன்றாக வகுத்துள்ளது. ஷ்டைன்ஃபெடரில் ஆல்கஹால் 11.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, ஃபெடர்ஷ்பீல் 11.5 முதல் 12.5 வரை, ஸ்மாரக்டுக்குக் குறைந்தது 12.5. சாற்றில் சர்க்கரை சேர்த்து ஆல்கஹாலை உயர்த்துவதற்கு இடமில்லை என்பதால், ஸ்மாரக்டுக்கான பழம் கொடியிலேயே நன்கு முதிரும்வரை, சில ஆண்டுகளில் நவம்பர் வரைகூட, மழைக்கும் அழுகலுக்கும் அஞ்சியபடி காத்திருக்க வேண்டியிருக்கிறது. விலையில் ஒரு பங்கு அந்தக் காத்திருப்புக்கானது.

மறு பங்கு நிலத்துக்கானது. மெல்க் நகருக்கும் க்ரெம்ஸ் நகருக்கும் இடையே, சுமார் 35 கிலோமீட்டர் நீளத்துக்கு, டான்யூப் ஆறு பாறையைக் குடைந்து உண்டாக்கிய பள்ளத்தாக்கே வாஹாவ். செங்குத்தான சரிவுகளில் சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள் அடுக்குத் தோட்டங்களைத் தாங்கி நிற்கின்றன. ஒரு கல் சரிந்தாலும் கையாலேயே எடுத்துப் பொருத்த வேண்டும். இயந்திரத்துக்கு அங்கே வழியில்லை. யுனெஸ்கோ 2000இல் இந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது, அந்தச் சுவர்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த உழைப்புக்கும் உரிய மதிப்புக் கிடைத்தது என்றே கருதுகிறேன்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரியே. ஆனால் மண்ணை அவ்வளவு எளிதாக விட்டுவிட முடியாது. உயரமான சரிவுகளில் நைஸ் என்னும் கடினப் பாறை சிதைந்த மெல்லிய மண் இருக்கிறது. அது நீரைத் தேக்காததால் ரீஸ்லிங் என்னும் மற்றொரு வெள்ளைத் திராட்சைக் கொடிக்கே பெரும்பாலும் ஒதுக்கப்படுகிறது. நீர் வேட்கை மிகுந்த வெல்ட்லீனருக்கு, காற்று கொண்டுவந்து படியவைத்த லோஸ் மண் நிறைந்த தாழ்வான அடுக்குகள் உகந்தவை. அதனால்தான் வைஸன்கிர்ஹென் ஊரின் அஹ்லைட்டன் போன்ற பாறைத் தோட்டத்து வெல்ட்லீனரும், கிழக்கே லோய்பென் பகுதியில் லோஸ் மண்ணில் விளைந்ததும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவையாயினும் வேறு வேறாகச் சுவைக்கின்றன. கிழக்கிலிருந்து பன்னோனியச் சமவெளியின் வெம்மை வருகிறது. இரவில் வடக்கேயுள்ள வால்ட்ஃபீர்டெல் மேட்டிலிருந்து குளிர்ந்த காற்று இறங்குகிறது. பழம் இனித்தும் புளிப்பு குன்றாமல் இருப்பதற்கு இந்த ஏற்ற இறக்கமே காரணம்.

நீங்கள் உணர்ந்த மிளகு வாசம் கற்பனையன்று. திராட்சைத் தோலில் உள்ள ரோட்டண்டோன் என்னும் சேர்மமே மிளகிலும் அந்த வாசத்தைத் தருகிறது. அதை மட்டும் நாடுவதாயின், வாஹாவை விடுத்து வைன்ஃபீர்டெல் பகுதியின் ஒயினைத் தேடுங்கள். 2002ஆம் ஆண்டு அறுவடையுடன் ஆஸ்திரியாவின் முதல் டி.ஏ.சி. தகுதியை, அதாவது ஒரு பகுதிக்கே உரிய ஒயினுக்குச் சட்டப்படி தரப்படும் தகுதியை, பெற்றது அதுவே. விலையும் குறைவு.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஸ்மாரக்டில் இன்னொரு புட்டி மீதமிருக்கிறது. உடனே திறக்கலாமா?

மறுமொழி 3

நல்ல ஸ்மாரக்ட் பத்து ஆண்டுகளைக் கடந்தும் மேம்படும். வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்து, மூன்று நான்கு ஆண்டுகள் பொறுங்கள். பரிமாறும்போது 10 முதல் 12 டிகிரி போதும். அதைவிடக் குளிரவைத்தால் மணம் அடங்கிவிடும். ஃபெடர்ஷ்பீலை அப்படிச் சேமித்து வைக்க வேண்டியதில்லை. அதை இளமையிலேயே அருந்துங்கள்.