'பீட்' என்னும் கையசைவுக்குத் தமிழ்ச்சொல்: தாளக்கையா, அசைக்கையா?

மடல் 1
குழுவினர்க்கு வணக்கம். முதுகலை மொழியியல் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பேச்சோடு வரும் கையசைவுகளை ஆய்ந்த டேவிட் மெக்நீல் 1992-இல் விளக்கிய நால்வகையில் மூன்றுக்குச் சொல் அமைந்துவிட்டது: வடிவக்கை (பொருளின் உருவைக் காட்டுவது), உருவகக்கை (கருத்தை உருவகமாகக் காட்டுவது), சுட்டுக்கை (சுட்டிக்காட்டுவது). பேச்சின் அழுத்தத்தோடு கை சட்டென ஏறி இறங்கும் 'பீட்' மட்டும் நிற்கிறது. வடிவக்கையில் கை எழும், பொருளைக் காட்டும், பிறகு மடிக்குத் திரும்பும். பீட்டில் இரண்டே கட்டம்: மேலே, கீழே. ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தால் என்ன பேசுகிறார் என்று ஊகிக்க முடியாது. 'தாளக்கை' எனலாமா?

மடல் 2
வேண்டாம் அம்மா. தாளத்துக்கு இடைவெளி ஒழுங்கு உண்டு. பேச்சில் அழுத்தம் விழும் இடத்தில்தான் கை விழும். மாணவர்கள் ஆதி தாளத்தைத் தேடுவார்கள். 1941-இல் கையசைவு ஆய்வாளர் டேவிட் எஃப்ரான் இதை 'பேட்டன்' என்றார், அதாவது கோல். ஆகவே 'கோற்கை'. செங்கோல், எழுதுகோல், மாதவி பெற்ற தலைக்கோல் என்று கோல் தமிழில் வேரோடிய சொல்.

மடல் 3
தலைக்கோல் வந்த அதே சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் எழிற்கை, தொழிற்கை, பொருட்கை என்று பிரிக்கிறார். கட்டைவிரல் உயர்த்துவது போல, பேச்சில்லாமலே பொருள் தரும் 'எம்பிளம்' வகைக்குப் பொருட்கையை எடுத்துக்கொள்ளலாம். பீட்டுக்கு 'அசைக்கை'. அசைநிலை இடைச்சொல்லுக்குத் தனிப்பொருள் இல்லை. இந்தக் கைக்கும் இல்லை. நடுவிலுள்ள 'க்' என்னும் ஒற்றை விட்டுவிடாதீர்கள். 'அசைகை' என்றால் வினைத்தொகை ஆகிவிடும். வருகை, செய்கை போலத் தொழிற்பெயர் என்றும் படிப்பார்கள்.

மடல் 4
அசைநிலை என்பதை ஏற்க முடியவில்லை. "மூணு நாள் போதும், மூணே நாள்" என்பவரின் உள்ளங்கை 'மூணே'யில் விழுகிறது. அந்த ஏகாரம் தேற்றம், அதாவது உறுதிப்பொருள் தருவது; கை செய்வதும் அதே வேலை. மூன்று விரலைக் காட்டியபடியே கை விழுந்தால், பொருட்கையின் மேல் பீட் ஏறியிருக்கிறது. காணொளியைப் பகுக்கும்போது பொருட்கை, பீட் என்று இரண்டு குறியும் இட வேண்டும். 'அசை' என்ற பெயரைக் கண்டால் பொருளற்றது என்று இரண்டாவதை விட்டுவிடுவார்கள். பகுப்பாய்வு அங்கேயே பிழையாகிவிடும். 'அழுத்தக்கை' என்றால் படித்ததும் புரியும்.

மடல் 5
அழுத்தக்கை என்றால் கையால் அழுத்துவதாகத்தான் எனக்குப் படுகிறது. அசைக்கைக்கே என் ஆதரவு.

மடல் 6
நாளை அச்சு. என்னோடு சேர்த்து மூவர் ஆதரிப்பதால் அசைக்கை என்றே அனுப்புகிறேன். இரட்டைக் குறி பற்றிய எச்சரிக்கையைப் பயிற்சிப் பகுதியில் சேர்த்துவிட்டேன், நன்றி.

மடல் 7
அனுப்புங்கள் அம்மா. ஆனால் தலையை வெட்டியும் புருவத்தை உயர்த்தியும் இதே அழுத்தத்தைக் கொடுக்கிறோமே. 'கை' என்று முடியும் எந்தச் சொல்லை அங்கே வைப்பது?