காமெடி ஷோவுக்கு எழுதக் கூப்பிடுகிறார்கள்: சம்பளம், பெயர் பற்றி என்ன கேட்பது?

திருமங்கலத்தான்:
அண்ணன்மாரே, சேனல் காமெடி ஷோவில் பெர்ஃபார்ம் பண்ணும் நண்பருக்குச் சில ரவுண்டு எழுதிக் கொடுத்தேன். மதுரையில் கோயம்புத்தூர் போக வேண்டியவர், அந்த பஸ் கிளம்பும் ஆரப்பாளையம் போகாமல் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நின்று கண்டக்டரிடம் மல்லுக்கட்டுகிற ஸ்கிட் நன்றாக எடுபட்டது. அவர் ஏதோ ஜிபே பண்ணினார். இப்போது ஷோ எடுப்பவர்களே ரைட்டிங் டீமுக்கு வரச் சொல்கிறார்கள். சம்பளம் கேட்டால் "பார்த்துக்கலாம் தம்பி, பேரு டைட்டில்ல வரும்" என்கிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

செல்லூர்க்காரன்:
தம்பி, அந்தப் "பார்த்துக்கலாம்"-ஐ நம்பி நானும் சென்னைக்கு பஸ் ஏறியவன்தான். முதலில் எபிசோடுக்கா, நாளுக்கா, மாதத்துக்கா என்று கேள். ஒரே நாளில் ரெண்டு எபிசோடு எடுத்துவிடுவார்கள். நாள் கணக்கு பேசியிருந்தால் ரெண்டுக்கும் ஒரே காசுதான். எழுதிக் கொடுத்த ஸ்கிட்டை எடிட்டில் தூக்கிவிட்டால் காசு உண்டா என்பதையும் அப்போதே பேசிவிடு. பிறகு கேட்டால் "டெலிகாஸ்ட் ஆகலையேப்பா" என்பார்கள்.

அப்புறம் பெயர். ஒரு ஷோவில் என் பெயர் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். தப்பு இனிஷியலோடு, "உதவி" என்ற தலைப்பின் கீழே, கேட்டரிங்குக்கு மேலே. அதுவும் திரையைப் பாதியாகச் சுருக்கி அடுத்த நிகழ்ச்சியின் புரோமோ ஓட்டும்போது. எங்கம்மா டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றும் படிக்க முடியவில்லை. அதனால் எந்தத் தலைப்பில், எந்த எழுத்தில் என்று கேள். யூடியூபில் துண்டு துண்டாகப் போடும்போது டைட்டிலே இருக்காது, கீழே விவரத்திலாவது பெயர் போடச் சொல். கவுண்டமணி, செந்தில் காமெடி டிவியில் ஓடாத நாள் உண்டா? அதில் எத்தனையோ ட்ராக் எழுதிய ஏ. வீரப்பன் பெயரைத் தெருவில் நாலு பேரிடம் கேட்டுப் பார்.

கே.கே.நகர் வக்கீல்:
செல்லூர் அண்ணன் சொன்னது நடைமுறை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் என்ன சொல்கிறது என்றால், மாதச் சம்பள வேலையாளாகச் சேர்ந்து எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை முதலாளிக்கு (பிரிவு 17). வெளியிலிருந்து எழுதினால் பொதுவாக எழுதியவருக்கே. அதை மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான் (பிரிவு 19). விற்ற பிறகும் "இதை எழுதியது நான்" என்று சொல்லும் உரிமை போகாது (பிரிவு 57). ஆனால் பஸ் ஸ்டாண்ட் குழப்பம் என்கிற வெறும் ஐடியாவுக்குப் பாதுகாப்பு இல்லை. எழுதிய விதத்துக்குத்தான். 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். எனவே ஸ்கிரிப்டை முழுசாக, தேதி தெரிகிற மாதிரி மெயிலில் அனுப்புங்கள். போனில் சொல்லிக் காட்டாதீர்கள்.

வில்லாபுரம் வாசகன்:
அமெரிக்காவில் மறு ஒளிபரப்புக்கும் எழுத்தாளருக்குக் காசு வருமாமே?

கே.கே.நகர் வக்கீல்:
ஆமாம், அங்கே சங்கம் போட்ட ஒப்பந்தம் அது. 2023இல் 148 நாள் ஸ்டிரைக் பண்ணினார்கள், ஓடிடி மறு ஒளிபரப்புப் பணமும் அதில் ஒரு பிரச்சினை. இங்கேயும் 2012 திருத்தத்துக்குப் பிறகு ராயல்டி உரிமையை எழுத்தாளர் முழுசாக விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் வசூலித்துக் கையில் கொடுக்க ஆள் வேண்டுமே!

திருமங்கலத்தான்:
நன்றிண்ணே. இதையெல்லாம் கேட்டால் வேற ஆளைப் பார்த்துக்கொள்வார்களோ?

செல்லூர்க்காரன்:
சில பேர் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்காதே. தொகை, எந்தத் தேதியில் தருவார்கள், பெயர், இந்த மூன்றை மட்டும் "நேற்று பேசியபடி" என்று ஆரம்பித்து ஒரு மெயில் போடு. "ஓகே" என்று பதில் வந்தாலே பின்னால் கேட்க ஒரு பிடி இருக்கும். பான் கார்டு கொடுத்துவிடு, டிடிஎஸ் (காசு தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடித்தால் ரிட்டர்ன் போட்டுக் கேட்கலாம். தங்க இடம் யார் செலவு என்பதைப் போனிலேயே பேசிக்கொள். வடபழனி ரூம் வாடகை முதல் மாதச் சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும்.