பழைய கேம்களில் இன்னும் உறுத்துகிற அந்த ஒரு இடம்: உங்களுக்கு எது?

ஈரோட்டு எலி:

வெறியர்கள் வேண்டாம், நம்மைப் போல பொழுதுபோக்குக்கு ஆடியவர்கள் எழுதுங்கள். ஆரம்பித்து வைக்கிறேன்.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. ஒரு மணி நேரத்துக்குள் 12 லெவல் தாண்டி, வில்லன் ஜாஃபரிடமிருந்து இளவரசியை மீட்கவேண்டும், உங்களுக்கே தெரியும். நேராகக் கடைசி லெவலுக்கு வருகிறேன். கோபுரத்தில் ஏறினால் அந்த நிழல் பயல் எதிரே வந்து நிற்பான். நாலாவது லெவலில் கண்ணாடிக்குள் பாயும்போது நம்மிடமிருந்து பிரிந்து போனவன், அஞ்சாவதில் நம் பாட்டிலைக் குடித்துவிட்டு ஓடியவன், ஆறாவதில் கேட்டை மூடி நம்மைப் பள்ளத்தில் விழவைத்தவன். அத்தனை கோபத்தையும் சேர்த்து ஒரு குத்து விட்டேன். கீழே இடது மூலையில் என் உயிரைக் காட்டும் சிவப்பு முக்கோணம் ஒன்று போனது. இன்னொரு குத்து, இன்னொரு முக்கோணம்.

நான் ஆடியது ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில். மெஷின்களுக்கு நடுவே புதிதாக ரெண்டு கம்ப்யூட்டர் வந்திருந்த சமயம். லோயர் கிளாஸ் முடித்து வரும் அக்காவைக் கூட்டிப்போக வந்த ஒரு பொடியன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். "அண்ணே, கத்திய உள்ள வச்சிருங்க" என்றான். கீழ் அம்புக்குறியை அழுத்தினேன். நிழல் பயலும் கத்தியை உள்ளே வைத்தான். அப்படியே நடந்தேன். ரெண்டு பேரும் மோதிக்கொள்ளும் இடத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம், அப்புறம் ஒருவன்தான் இருந்தான். அதற்குமேல் ஓடினால் வெறும் காற்றில் காலடியில் தரை முளைக்கிறது.

உனக்கு எப்படிடா தெரியும் என்று கேட்டேன். "அவனும் நீங்கதானே" என்றான். அக்கா வந்தாள், போய்விட்டான். ஜாஃபரைக் கொன்றேனா, இளவரசியைப் பார்த்தேனா என்பதெல்லாம் சரியாக ஞாபகமில்லை. அந்தப் பதில் மட்டும் போக மாட்டேன் என்கிறது.

நைட் ஷிப்ட்:

பொடியன் வேறெங்கோ பார்த்திருப்பான். அந்தக் காலத்தில் ஒருவன் முடித்தால் ஊருக்கே தெரியும். "பிரின்ஸ் மெகாஹிட்" என்று சீட் கோட் அடித்து உள்ளே போய், ஷிப்ட்-எல் அழுத்தி லெவல் லெவலாகத் தாவியவர்கள்தான் பாதிப் பேர். அவர்களில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஞானியாக்கிவிடாதீர்கள்.

என் கதை அப்புறம் எழுதுகிறேன், ஆபீஸில் இருக்கிறேன்.

மஞ்சள் ஃபிளாப்பி:

என்னுடையது இன்னும் பழசு. பாராட்ரூப்பர், 1982. அப்பாவின் ஆபீஸில் ஒரு எக்ஸ்டி மெஷின் (ஐபிஎம்மின் ஆரம்பகால பிசி) இருந்தது, ஏசி ரூமில், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். சனிக்கிழமை மதியம் கூட்டிப்போவார்.

நடுவில் ஒரு துப்பாக்கி, மேலே ஹெலிகாப்டர்கள், அதிலிருந்து பாராசூட்டில் குதிக்கும் ஆட்கள். எல்லோரும் ஹெலிகாப்டரைச் சுடுவார்கள். நான் ஒருமுறை குடையை மட்டும் சுட்டுவிட்டேன். ஆள் அப்படியே நேராக விழுந்தான். ஏற்கெனவே இறங்கி நின்ற இன்னொருவன் சரியாக அவனுக்குக் கீழே. ரெண்டு பேரும் காலி. இத்தனை சின்னப் படத்தில், நாலைந்து புள்ளிகளில் வரைந்த ஆளுக்குப் போய் பாவமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் சுடுவதையே குறைத்துவிட்டேன். (சுடும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு பாயின்ட் குறையும் என்பதால் அதுவும் ஒரு வகையில் லாபம்தான்.)

ஒரு பக்கம் நாலு பேர் இறங்கிவிட்டால் ஒருவன் மேல் ஒருவன் ஏறி, படிக்கட்டு மாதிரி நின்று, கடைசி ஆள் மேலே ஏறி வந்து துப்பாக்கியைத் தகர்ப்பான். அதைப் பார்ப்பதற்காகவே தோற்பேன். அப்பாவுக்கு அது புரியவே இல்லை. "சுடும்மா, சுடு" என்று கத்துவார்.

சி-கோலன்:

பாராட்ரூப்பர் அருமை. என் அனுபவம்: டிக்கர் என்ற பழைய கேம். வீட்டில் புது கம்ப்யூட்டர் வாங்கியதும் ஆசையாகப் போட்டேன். கையை கீபோர்டில் வைப்பதற்குள் செத்துவிட்டேன். எல்லாமே பறந்தது. அவ்வளவுதான்.

ஆனால் இது ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள், பலருக்கும் பயன்படும். முதல் ஐபிஎம் பிசி 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்தக் காலத்துப் பல கேம்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, சிபியு எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் ஓடும். அதனால்தான் அடுத்து வந்த 286, 386 கம்ப்யூட்டர்களின் கேபினெட்களில் டர்போ என்று ஒரு பட்டன் வைத்தார்கள். பெயரைப் பார்த்து வேகம் கூட்டுவதற்கு என்று நினைப்போம். உண்மையில் பழைய கேமும் பழைய சாஃப்ட்வேரும் ஓடுவதற்காக மெஷினை மெதுவாக்குவதுதான் அதன் வேலை. இப்போது ஆடவேண்டுமென்றால், பழைய டாஸ் கேம்களை இன்றைய மெஷினில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற சாஃப்ட்வேரை இறக்கிக்கொள்ளுங்கள். கேம்களுக்கென்று தனி ஃபோல்டர் வையுங்கள், பெயரில் இடைவெளி வேண்டாம். மவுன்ட் கமாண்டில் அந்த ஃபோல்டரை சி டிரைவாகக் காட்டுங்கள். வேகமாக ஓடினால் கன்ட்ரோல்-எஃப்11, மெதுவாக ஓடினால் கன்ட்ரோல்-எஃப்12. ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யாமல் கான்ஃபிக் ஃபைலில் வேகத்துக்கான சைக்கிள்ஸ் என்ற வரியில் எண்ணை எழுதிவிடலாம். எக்ஸ்டி கால கேம் என்றால் சில நூறில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். முழுத்திரைக்கு ஆல்ட்-என்டர். இது எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவில் 2015லிருந்து ஆயிரக்கணக்கான டாஸ் கேம்கள் பிரவுசரிலேயே ஓடுகின்றன. ஆனால் அதில் சில சமயம் பிரவுசரின் ஷார்ட்கட்டும் கேமின் கீயும் மோதும், அதனால் என் சிபாரிசு டாஸ்பாக்ஸ்தான்.

மஞ்சள் ஃபிளாப்பி:

சார், எப்படி ஓட்டுவது என்று நான் எங்கே கேட்டேன்?

வெள்ளவத்தை வாசி:

நான் சொல்லப்போறது அநேகமா ஒருத்தருக்கும் தெரியாத கேம். த நெவர்ஹுட், 1996. முழுக்கக் களிமண்ணில் செய்து, அசைத்து அசைத்துப் படம் பிடித்தது. மூன்று தொன்னுக்கு மேல் களிமண் பாவித்தார்களாம். கனடாவில இருந்து வந்த மச்சாள் சிடியைத் தந்துவிட்டுப் போனா. கையேடு இல்லை, என்ன செய்யவேணும் என்று சொல்ல ஆளில்லை.

அதில ஒரு நீண்ட மண்டபம் இருக்கு. சுவர் முழுக்க எழுத்து. அந்த உலகம் எப்படிப் படைக்கப்பட்டது, ஆர் ஆருக்குப் பிறந்தார் என்று புராணம் மாதிரிப் போய்க்கொண்டே இருக்கும். மொத்தம் 38 திரை. ஒவ்வொரு திரையிலும் கேமின் நாயகன் கிளேமன் தன்பாட்டில் கையை வீசிக்கொண்டு நடப்பார். வேகமா நடக்க வழியில்லை. பின்னால இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா, "இந்தப் பிள்ளை இவ்வளவு நேரமா எங்க போகுது?" என்று கேட்டா. எனக்கும் தெரியாது அம்மம்மா என்றேன். கடைசியில ஒரு டிஸ்க் கிடக்கும். எடுத்தால் வந்த வழியே முழுக்கத் திரும்பி நடக்கவேணும்! அம்மம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அதே கேமில வடிகால் குழி ஒன்று இருக்கு. குதித்தால் செத்துப்போவாய் என்று அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். முழு கேமிலும் நாங்கள் சாகக்கூடிய இடம் அது ஒன்றுதான். ஒளிவு மறைவில்லை, ஏமாற்று இல்லை. அம்மம்மா குதிக்கச் சொன்னா. குதித்தேன், முடிந்தது. அவ எழும்பிப் போய் தேத்தண்ணி போட்டா.

கோவை ஐஜிஐ:

மேலே எழுதியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. 38 திரை நடப்பதெல்லாம் கேமா? கேம் என்றால் கை வியர்க்கவேண்டும். ஐஜிஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடியவனுக்கு வேறு எதுவும் ஏறாது. 2000 கடைசியில் வந்தது, நார்வேக்காரர்கள் செய்தது. 14 மிஷன், நடுவில் சேவ் கிடையாது. மலை மேல் நின்று பைனாகுலரில் பார்த்து, டவரில் நிற்பவனை முதலில் எடுத்து, கேமரா கண்ணில் படாமல் சுற்றிப்போய் உள்ளே நுழையவேண்டும். அலாரம் அடித்துவிட்டால் தீர்ந்தது, கொல்லக் கொல்ல வந்துகொண்டே இருப்பார்கள்.

பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி ஆடிக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்து வெளியே போகும் பாதையில் நம் ஆள் ஜோன்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறான். கரண்ட் போய்விட்டது. பத்து மானிட்டரும் ஒரே நேரத்தில் இருட்டு, பசங்கள் எல்லாம் ஒரே குரலில் "ஓ..." அந்த இருட்டில் ஒரே ஒரு வெளிச்சம். கடைக்காரர் தன் டேபிளுக்கு மட்டும் யுபிஎஸ் போட்டிருந்தார். அவர் பாட்டுக்குப் பின்பால் ஆடிக்கொண்டிருந்தார். டக் டக் டக் என்று அந்தச் சத்தம். எழுந்துபோய் மீதி நேரத்துக்குக் காசு கேட்டேன். பந்து கீழே விழும்வரை பொறுக்கச் சொன்னார். பந்து விழவே இல்லை!

வெள்ளவத்தை வாசி:

சேவ் இல்லாமல் திரும்பத் திரும்ப ஒரே மலையில இருந்து இறங்குறதும் நடைதான் தம்பி.

விஸ்டா விரோதி:

அந்தக் கடைக்காரர் என் இனம். விண்டோஸ் எக்ஸ்பியில் வந்த ஸ்பேஸ் கேடட் பின்பால்தான் நான் ஆடிய ஒரே கேம், வெட்கமே இல்லாமல் சொல்கிறேன். இசட் கீயும் சாய்வுக்கோடு கீயும் தேய்ந்து எழுத்தே தெரியாது. என் கதை ஒன்றுதான்: "ஹிடன் டெஸ்ட்" என்று அடித்தால் பந்தை மவுஸால் பிடித்து இழுக்கலாம் என்று அத்தை பையன் காட்டிக்கொடுத்தான். பந்தைப் பிடித்துக்கொண்டு மேலே வைத்தேன், ஓட்டையில் போட்டேன், ராங்க் ஏறிக்கொண்டே போனது. அன்றோடு அந்த கேம் ருசிக்கவில்லை. இன்றைக்கும் அவன் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் அதைக் காணோம் என்று தேடியவர்களுக்கு: 64-பிட்டுக்கு மாற்றியபோது மோதலைக் கணக்கிடும் பகுதி வேலை செய்யாமல், பந்து எல்லாவற்றையும் ஊடுருவிக் கீழே விழுந்துவிட்டதாம். வெளியாள் எழுதிய பழைய புரோகிராம், உள்ளே குறிப்பும் கிடையாது, எங்கே தப்பு என்று பிடிபடவில்லை, எடுத்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் தன் பிளாக்கில் எழுதியிருந்தார்.

ஈரோட்டு எலி:

நைட் ஷிப்டுக்கு ஒரு பதில். பொடியன் எங்கோ பார்த்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அவன் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். அந்த கேமை எழுதிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் குதிப்பதையும் வீடியோ எடுத்து, அதை ஃபிரேம் ஃபிரேமாக வரைந்துதான் இளவரசனைச் செய்தார். 1989ல், ஆப்பிள் டூ மெஷினில். அந்தப் படங்களே மெமரியை விழுங்கிவிட்டன, இன்னொரு ஆளின் படம் வைக்க இடமில்லை. அதனால் இளவரசனின் படத்தையே ஒரு பிட் நகர்த்தி, அதன் மேலேயே எக்ஸ்-ஆர் (ரெண்டிலும் வேறுபடும் புள்ளிகளை மட்டும் காட்டும் கணக்கு) போட்டார். மினுங்கலாக ஒரு உருவம் வந்தது. அதுதான் நிழல். கதைக்காக யோசித்து வைத்த வில்லன் இல்லை, இடப் பற்றாக்குறையில் பிறந்தவன். அவனுக்கென்று தனியாக ஒரு படம்கூட மெமரியில் இல்லை. பொடியன் சொன்னது அச்சு அசலாக நிஜம்.

நைட் ஷிப்ட்:

சரி, அது நல்ல தகவல். ஆனாலும் பொடியனுக்கு எக்ஸ்-ஆர் தெரிந்திருக்காதே! அவன் பார்த்துத்தான் சொன்னான்.

என் கதை: மோட்டோகிராஸ் மேட்னஸ் என்ற பைக் ரேஸ் கேம், 1998. ரேஸே ஓட்டமாட்டேன். மைதானத்தின் ஓரத்துக்குப் போய், அந்தச் செங்குத்து மலையில் தட்டுத்தடுமாறி ஏறுவேன். உச்சியில் சமவெளி. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று போனால் பீரங்கி வெடித்த மாதிரி சத்தம், ஆளும் வண்டியும் வானத்தில் பறந்து வந்த இடத்துக்கே வந்து விழுவோம். எல்லையில் வெறும் சுவர் வைத்திருந்தால் யாருக்கும் இன்று ஞாபகம் இருக்காது. என் மகனுக்கு யூடியூபில் காட்டினேன், "மேப் முடிஞ்சிருச்சு, அவ்ளோதானேப்பா" என்றான்.

சி-கோலன்:

நெவர்ஹுட் ஆட விரும்புபவர்களுக்கு: அதற்கு டாஸ்பாக்ஸ் சரிப்படாது, அது விண்டோஸ் கேம். பழைய கேம்களை ஓட்டும் ஸ்கம்விஎம் என்ற சாஃப்ட்வேரைப் போடுங்கள். சிடியில் இருக்கும் டேட்டா ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் காப்பி செய்து, ஆட் கேம் கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். மொபைலிலும் ஓடும். சேவ் ஃபைலுக்குத் தனி ஃபோல்டர் வைத்துக்கொண்டால்

மஞ்சள் ஃபிளாப்பி:

சார்!!

புதுசு_99:

படித்துக்கொண்டே வந்தேன், ஒரு உதவி வேண்டும். மாமா வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு கேம், பேர் தெரியாது. பறக்கும் வண்டி மாதிரி ஒன்றில் உட்கார்ந்து சந்து சந்தாகப் போய்க் கொடி எடுக்கவேண்டும். எதிரி வண்டிகள் வந்து இடிக்கும், சுட முடியாது. துரத்தி வருகிறவன் முன்னால் ஒரு சுவரை எழுப்பிவிட்டு நான் தப்பித்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. யாரைக் கேட்டாலும் அப்படி ஒரு கேமே இல்லை என்கிறார்கள்.

விஸ்டா விரோதி:

ஹோவர். விண்டோஸ் 95 சிடியிலேயே ஒரு ஃபோல்டரில் இருந்தது, நிறைய பேர் திறந்தே பார்க்கவில்லை. சுவருக்கு எஸ் கீ, குதிக்க ஏ, மறைய டி.

புதுசு_99:

எஸ் கீ! ஆமாம்! மாமாவுக்கு ஃபோன் போடுகிறேன்.